மூச்சு விடும் இடம்

ஆடி பிறந்துவிட்டால் திண்டுக்கல் மண்டபங்களில் விளக்கு எரிவதில்லை. முகூர்த்தம் இல்லாத மாதம். பேண்டு செட்டுகளின் கருவிகள் வைத்தியத்துக்கு வருவதும் இந்த மாதத்தில்தான். நாகல் நகரில், ரயில் போகும் சத்தம் கேட்கிற தூரத்தில், ஒரு சந்தின் கடைசி வீடு. அதன் முன்னறையில் வாய் நசுங்கிய டிரம்பெட்டுகள், வால்வு இறுகிப்போன யூஃபோனியம் ஒன்று, துருத்தி கிழிந்த ஆர்மோனியம், துண்டு துண்டாகக் கழற்றி வைத்த கிளாரினெட்டுகள். வாசல் பெஞ்சில் நான். வாசிக்கத் தெரிந்தவன் இல்லை, கேட்க வருகிறவன். இங்கே யாரும் என்னை எதுவும் விசாரிப்பதில்லை. நானும் வாய் திறப்பதில்லை.

மாஸ்டருக்கு எழுபதுக்கு மேல். ராணுவத்தில் பேண்டு வாத்தியக்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். மத்தியப் பிரதேசத்துப் பச்மரி மலையில் 1950இல் தொடங்கிய ராணுவ இசைப் பள்ளியில் படித்தவர். ஸ்டாஃப் நொட்டேஷனைத் தந்தி பேப்பர் படிக்கிற வேகத்தில் படிப்பார். ராணுவ பேண்டில் வயலின் கிடையாது. ஐரோப்பிய ஆர்க்கெஸ்ட்ராவுக்கு எழுதியதை பேண்டுக்கு மாற்றும்போது வயலின்களின் பங்கு பெரும்பாலும் கிளாரினெட்டுகளுக்கு வந்து சேரும். வில்லுக்கு எழுதியதை மூச்சால் வாசித்தே இவருடைய வேலைக்காலம் முழுவதும் போயிருக்கிறது. ஓய்வுக்குப் பிறகு எந்த செட்டோடும் தெருவில் இறங்கியதில்லை. ரிப்பேர் பார்ப்பார், கேட்டு வரும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பார், சாயங்காலம் பாட்டுக் கேட்பார்.

இன்று மேசையில் கிடப்பது ஒரு கிளாரினெட்டின் கீழ்த்தண்டு. பதினேழு கீ உள்ள கருவி. ஒவ்வொரு கீயும் அமுங்கி எழுவதற்கு ஒரு ஸ்பிரிங் வேண்டும். ஊசி போன்ற மெல்லிய எஃகு. ஒன்று முறிந்திருக்கிறது. அந்த அளவுக்கு இங்கே கடையில் கிடைக்காது. பக்கத்துப் பட்டறையில் பூட்டுச் செய்யும் ஆசாரி ஒருவர் இருக்கிறார். மாங்காய்ப் பூட்டின் உள்வேலைக்குப் பழகிய கை. திண்டுக்கல் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்கு வெகு காலம் முன்பே அலிகார் பூட்டு சந்தையைப் பிடித்துவிட்டிருந்தது. ஆசாரியின் பட்டறையில் பாதி நாள் அரம் சும்மா கிடக்கிறது. மாஸ்டர் கேட்டுவிட்டால் மட்டும் அவர் முகம் மாறிவிடும். தையல் ஊசி ஒன்றை இடுக்கியில் பிடித்து, சின்னத் தீயில் காட்டி, நீலம் பாயும் அந்த நொடியில் வெளியே எடுத்து ஆறவிடுவார். நீலத்துக்கு முன்னால் எடுத்தால் ஊசி ஒடியும், தாண்டிவிட்டால் வளைந்து அப்படியே நிற்கும். நீலத்தில் எடுத்த ஊசிதான் வளைந்து திரும்ப நிமிரும்.

“இந்தாங்க சார். மூணு பண்ணியிருக்கேன். ஒண்ணு போனா ஒண்ணு இருக்கட்டும்.”

“காசு?”

“ஊதிக் காமிங்க, போதும்.”

மாஸ்டர் ஸ்பிரிங்கைப் பொருத்திக் கீயைத் தட்டிப் பார்த்தார். மூடித் திறந்தது. ஆசாரி குனிந்து அதன் சத்தத்தைக் கேட்டார். பூட்டு திறக்கும் சத்தத்தைக் கேட்டுப் பழகிய காது அது. தலையசைத்துவிட்டுப் போனார்.

நாலரை மணிக்குப் பையன் வந்தான். இருபது வயதுக்கு உள்ளே. செட்டில் கிளாரினெட். அப்பா அதே செட்டில் பேஸ் டிரம் அடித்தவர். ஆகஸ்டில் முத்தழகுபட்டி செபஸ்தியார் திருவிழா. தேர்பவனிக்கு ஊத வேண்டிய பாட்டுகளை ஒரு மணி நேரம் பார்த்தார்கள். அது முடிந்த பிறகு மாஸ்டர் செல்போனை ஒயரால் ஸ்பீக்கரில் கோத்தார். இந்த நேரத்துக்காகத்தான் நான் பெஞ்சை விட்டு எழாமல் இருந்தேன்.

பிராம்ஸ். கிளாரினெட்டுக்கும் பியானோவுக்குமாக எழுதிய முதல் சொனாட்டாவின் இரண்டாம் பகுதி. ரிச்சர்ட் ஸ்டோல்ட்ஸ்மன் ஊத, ரிச்சர்ட் கூட் பியானோ வாசித்த பதிவு. மேலிருந்து மெல்லப் படியிறங்கி, இறங்கிய இடத்தில் தயங்கி, மறுபடியும் மேலே போய் இறங்குகிற மெட்டு. பையன் ஜெராக்ஸ் தாளில் விரலை ஓட்டியபடி கேட்டான். பகுதி முடிந்ததும் மாஸ்டர் எதுவும் சொல்லாமல் அடுத்ததைப் போட்டார். அதே பகுதி, அதே பியானோப் பங்கு. கிளாரினெட் இருந்த இடத்தில் மட்டும் வயோலா. கிம் காஷ்காஷியனும் ராபர்ட் லெவினும் வாசித்து 1997இல் வெளிவந்த தட்டு. வயலினைவிடச் சற்றுப் பெரிய உடம்பும் தணிந்த குரலும் கொண்டது வயோலா. கிளாரினெட்டில் சாயங்கால வெளிச்சமாகக் கேட்ட மெட்டு, இதில் பேச்சை அடக்கிக்கொண்ட ஒருவருடைய குரலாக வந்தது. என் காதுக்கு இரண்டாவதுதான் கூடுதல் துயரம். ஆனால் முதலாவதைக் கேட்டிருக்காவிட்டால் அந்தத் துயரம் எனக்குப் புரிந்திருக்காது.

இந்த மாற்றத்தை வேறு யாரோ செய்யவில்லை, பிராம்ஸே செய்தார். 1890இல் ஒரு ஐந்து வாத்திய நரம்பிசையை முடித்ததோடு இனி எழுதுவதில்லை என்ற முடிவுக்கு வந்திருந்தவர். மறுவருஷம் மைனிங்கன் என்ற சிறு ஊரின் அரண்மனை ஆர்க்கெஸ்ட்ராவில் ரிச்சர்ட் ம்யூல்ஃபெல்ட் ஊதிய கிளாரினெட்டைக் கேட்டு முடிவை மாற்றிக்கொண்டார். ம்யூல்ஃபெல்ட் அந்த ஆர்க்கெஸ்ட்ராவுக்கு வந்தது வயலின்காரராக. கிளாரினெட்டைத் தானாகவே கற்றுக்கொண்டவர். 1891இல் அவருக்காக ஒரு ட்ரியோவும் ஒரு குவின்டெட்டும், 1894இல் இரண்டு சொனாட்டாக்களும் பிறந்தன. சொனாட்டாக்கள் 1895இல் அச்சானபோது வயோலாவுக்கும் பிராம்ஸே தனித்தாள் எழுதிக் கொடுத்தார். சில இடங்களை ஒரு ஸ்தாயி கீழே இறக்கினார். சில இடங்களில் ஒரே வில்லில் இரண்டு தந்திகளைச் சேர்த்து ஒலிக்க வைத்தார். கிளாரினெட்டால் அது முடியாது. வயோலாவால் முடியும், அதனால் எழுதினார். கருவி மாறும்போது எதை விடுவது, எதைப் புதிதாகக் கொடுப்பது என்பதற்கு அந்தத் தாள்களே சாட்சி. மாற்றி வாசிப்பதை வெறும் நகல் என்று ஒதுக்கிப் பேசுகிறவர்களை எனக்குப் பிடிப்பதில்லை. மூலத்தை எழுதிய கையே மாற்றியும் எழுதியிருக்கிறதே.

ஆனாலும் எல்லாவற்றையும் எல்லாவற்றிலும் வாசித்துவிடலாம் என்றும் இல்லை. ஷுமனை எடுத்துக்கொண்டால் ஒரே வருஷத்தில் இரண்டு பக்கமும் நிற்கிறார். 1849 பிப்ரவரியில் கிளாரினெட்டுக்கு எழுதிய மூன்று சிறு துண்டுகளை வயலினிலோ செல்லோவிலோ வாசித்துக்கொள்ளலாம் என்று அவரே இசைந்தார். அந்த டிசம்பரில் ஓபோவுக்கு எழுதிய மூன்று ரொமான்ஸ்களைக் கிளாரினெட்டுக்கும் என்று போடலாமா என்று பதிப்பாளர் கேட்டபோது மறுத்துவிட்டார். கிளாரினெட்டை நினைத்து எழுதியிருந்தால் அந்தப் பாட்டு வேறாகவே வந்திருக்கும் என்பது அவர் கட்சி. அந்த ரொமான்ஸ்களில் ஓபோக்காரருக்கு மூச்சு விட இடமே கொடுக்காமல் நெடுக எழுதிவைத்தவரும் அவர்தான்.

மூச்சு. பையனுக்கும் அதுதான் தகராறு.

“மாஸ்டர், நாலு பார் தாண்டுறதுக்குள்ள எனக்கு முட்டுது. இவரு எப்படி ஊதுறாரு?”

“நீ முதல் சுரத்துலயே பாதிக் காத்தைக் கொட்டிடுற. அதை அப்புறம் பாப்போம். முதல்ல எங்க மூச்சு விடணும்னு முடிவு பண்ணு.”

மாஸ்டர் சிவப்புப் பென்சிலை நீட்டினார். சுரக்கோடுகளுக்கு மேலே ஒரு காற்புள்ளி போட்டால் அந்த இடத்தில் மூச்சு. பையன் தாளையே பார்த்தான். ஓரிடத்தில் போட்டு, ஊதிப் பார்த்து, அழித்தான். இன்னோரிடத்தில் போட்டான். ஊதியபோது மெட்டு நடுவில் ஒடிந்தது. எனக்கே தெரிந்தது. வாயில் ரீடை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தான்.

அப்போதுதான் ஒத்துக்காரர் வந்தார். தாடிக்கொம்புப் பக்கம் ஊர். மாஸ்டரைவிட மூத்தவர். நாதஸ்வர மேளத்தில் ஒத்து ஊதியவர். நாதஸ்வரம் போலவே இருக்கும் ஒத்தில் விரல் வைத்து வாசிக்கத் துளைகள் கிடையாது. ஒரே சுரம். கச்சேரி தொடங்கியதிலிருந்து முடியும் வரை, நாதஸ்வரக்காரர் வாசித்தாலும் ஓய்ந்தாலும், தவில் தனி ஆவர்த்தனம் போனாலும் அந்த ஒரு சுரம் அறுபடக் கூடாது. கன்னத்தில் காற்றைத் தேக்கி, அதை வெளியே தள்ளும்போதே மூக்கால் புதுக்காற்றை இழுப்பார்கள். ஸ்ருதிப்பெட்டி வந்தது, அதற்கு மூச்சே வேண்டாம். மேளத்தில் ஒத்துக்காரர்களுக்கு இடமில்லாமல் போயிற்று. இவர் சீவாளியைத் துணியில் சுற்றி எங்கோ வைத்துவிட்டார். காது மட்டும் அப்படியே இருக்கிறது.

ஐரோப்பாவிலும் இப்படி ஒரு கருவி வந்து போயிருக்கிறது. 1823இல் வியன்னாவில் ஸ்டவ்ஃபர் என்ற கித்தார் ஆசாரி, கித்தார் போல ஆறு தந்தியும் மெட்டுக்கட்டையும் வைத்து வில்லால் வாசிக்கும் ஆர்பெஜியோனே என்ற கருவியைச் செய்தார். மறுவருஷம் ஷூபர்ட் அதற்கு ஒரு சொனாட்டா எழுதினார். அது அச்சேறியது 1871இல். ஷூபர்ட் இறந்து நாற்பது வருஷத்துக்கு மேலாகியிருந்தது, கருவியும் வழக்கொழிந்திருந்தது. இன்று அந்தச் சொனாட்டா செல்லோவிலும் வயோலாவிலும் கிளாரினெட்டிலும் குழலிலும் வாழ்கிறது. ரஸ்ட்ரபோவிச் செல்லோவிலும் பெஞ்சமின் பிரிட்டன் பியானோவிலுமாக 1968இல் பதிவு செய்ததை மாஸ்டர் அடிக்கடி போடுவார். சொந்த உடம்பு போய்விட்டால் இரவல் உடம்பில் இருந்தே ஆக வேண்டும் அந்த இசை.

“வாங்கண்ணே. உக்காருங்க.”

“என்ன தம்பி, புள்ள மூஞ்சியைத் தொங்கப் போட்டுருக்கான்?”

மாஸ்டர் பதில் சொல்லாமல் வயோலாப் பதிவை மறுபடி போட்டார். ஒத்துக்காரர் கண்ணை மூடிக் கேட்டார். இரண்டு நிமிஷம் போல ஆகியிருக்கும்.

“இது நிக்கவே இல்லையே. வில்லு அங்கிட்டும் இங்கிட்டும் போறது தெரியாம இழுக்குறாங்க. ஒத்து மாதிரில்ல ஓடுது.”

பையன் நிமிர்ந்தான். “அப்ப நானும் உங்களை மாதிரி மூக்கால இழுத்துக்கிட்டே ஊதலாமா தாத்தா?”

“ஊதலாம். கத்துக்குடுக்குறேன். ஒரு வருசம் தண்ணித் தொட்டியில குழாய வச்சு ஊதணும்.” சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார். “ஆனா அது ஒத்துக்குடா. ஒத்து பேசாது. பேசுறவனுக்குத் துணையா நிக்கும். உன் வாத்தியம் பேசணும்ல? பேசுறவன் நிறுத்தித்தான் பேசணும்.”

“எங்க நிறுத்துறதுன்னுதான் தெரியல.”

“பாட்டு என்ன?”

“பாட்டு இல்ல தாத்தா. வார்த்தையே கிடையாது. வெறும் மியூசிக்.”

ஒத்துக்காரருக்கு அது விளங்கவில்லை. விளங்காததற்கு நியாயம் உண்டு. நம் ஊரில் நாதஸ்வரமோ வீணையோ வயலினோ கச்சேரியில் வாசிக்கும் கீர்த்தனைகள் பாடுவதற்காகப் பிறந்தவை. வாத்தியத்தில் வார்த்தை கேட்காவிட்டாலும் வாசிப்பவருக்குச் சாகித்யம் தெரிந்திருக்க வேண்டும் என்று ஆசிரியர்கள் அடித்துச் சொல்வார்கள். சொல்லின் நடுவே மூச்சு விட்டால் பொருள் கெட்டுவிடும். வார்த்தை முடியும் இடம் மூச்சுக்கு இடம். அதனால் இங்கே வாத்தியக்காரர் ஒவ்வொருவரும் வாய்ப்பாட்டைத் தன் கருவிக்கு மாற்றி எழுதிக்கொண்டே இருக்கிறார். தாளில் எழுதுவதில்லை, அவ்வளவுதான்.

“வார்த்தை இல்லேன்னா நீ போட்டுக்க,” என்றார் ஒத்துக்காரர்.

மாஸ்டர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு அவரைப் பார்த்தார். எனக்கும் நெஞ்சில் தட்டியது. முத்துசுவாமி தீட்சிதர் செய்ததும் அதுதானே. சென்னைக்கு அருகே மணலியில் இருந்த காலத்தில் கும்பினி பேண்டு வாசித்த மெட்டுகளைக் கேட்டு, அவற்றுக்குச் சம்ஸ்கிருதத்தில் சாகித்யம் கட்டினார். நோட்டுஸ்வர சாகித்யங்கள் என்று நாற்பதுக்கு அருகில் நமக்குக் கிடைத்திருக்கின்றன. பிரிட்டிஷ் ராஜ கீதத்தின் மெட்டிலேயே அம்பாளைப் பாடியிருக்கிறார். அவருடைய தம்பி பாலுசுவாமி அதே மணலி நாட்களில் ஐரோப்பியர் ஒருவரிடம் வயலின் கற்று அதை நம் சங்கீதத்துக்குள் கொண்டுவந்தார். வெளியிலிருந்து வந்த பேண்டு மெட்டுக்கு அண்ணன் வார்த்தை கொடுத்தார். வெளியிலிருந்து வந்த வாத்தியத்துக்குத் தம்பி கமகம் கொடுத்தார்.

பையனிடம் சாகித்யம் எதுவும் இல்லை. யோசித்தான். பழனி ரோட்டில் பஸ்ஸில் போய் வருகிறவன். வாய்க்கு வந்ததை மெட்டில் கோத்தான். ரெட்டியார்சத்திரம் என்று ஒரு படி இறங்கினான். ஒட்டன்சத்திரம் என்று இன்னொரு படி. விருப்பாச்சியில் மேலே ஏறினான். ஆயக்குடியில் தயங்கினான். பழனியில் வந்து நின்றான். பிராம்ஸின் மெட்டில் அந்த ஊர்கள் ஒவ்வொன்றாக வந்தபோது நான் சிரிப்பு வரும் என்று நினைத்தேன். வரவில்லை. அவன் குரலில் ஒரு நெடும் பாதை தெரிந்தது. சாலையோரத்துப் புளியமரங்கள் நிழலோடு பின்னால் போவது தெரிந்தது.

மாஸ்டரும் சிரிக்கவில்லை. “இன்னொரு தடவ பாடு,” என்றார். பாடும்போது ஊர்ப்பெயர் முடிகிற இடங்களில் பென்சிலால் குறித்தார். “இப்ப ஊது. ரெட்டியார்சத்திரத்தை ஒடைக்காத. சத்திரத்துல எறங்கி மூச்சு விடு.”

ஊதினான். முதல் தடவை காற்றுப் போதவில்லை. இரண்டாவது தடவை மெட்டு ஒடியாமல் வந்தது. ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவே ஒரு வாக்கியம் முழுசாக நின்றது. நான்காவது காற்புள்ளியை மட்டும் மாஸ்டர் அழித்தார். “ஆயக்குடி வேணாம். அங்க பியானோல அடியில ஒரு சுரம் மாறுது பாரு. அதுக்கு மேல நீ நிக்கணும். நீ மூச்சு விட்டா அந்த மாத்தம் யாருக்கும் கேக்காது. விருப்பாச்சியிலேயே காத்தை நெறச்சுக்க.” பையன் தலையாட்டினான். அவனுக்குப் புரிந்ததோ இல்லையோ, எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. வயோலாக்காரருக்கு இந்தக் கேள்வியே எழாது. வில் திரும்பும் இடத்தைக் கேட்பவருக்குத் தெரியாமல் மறைத்துவிட முடியும். கிளாரினெட்காரர் ஒவ்வொரு மூச்சிலும் பாட்டைப் பற்றி ஒரு கருத்துச் சொல்லியே ஆக வேண்டும்.

ஒத்துக்காரருக்கு நன்றி சொல்வதுபோல் மாஸ்டர் ஏ.கே.சி. நடராஜனைப் போட்டார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சதிர்க் கச்சேரியின் சின்ன மேளத்துக்குள் மகாதேவ நட்டுவனார் கொண்டுவந்த கிளாரினெட், ஆடுபவருக்குப் பின்னால் நின்றே வெகுகாலம் ஊதிக்கொண்டிருந்தது. அதை மேடையின் நடுவில் உட்கார வைத்துக் கர்நாடக இசைக்கச்சேரி செய்த பெரியவர்களில் நடராஜன் முதல்வரிசை. 1931இல் பிறந்தவர், திருச்சிக்காரர். வாய்ப்பாட்டும் நாதஸ்வரமும் கற்றவர். கிளாரினெட் எவரெஸ்ட் என்று பட்டம். 2022இல் பத்மஸ்ரீ. தனித்தனிச் சுரங்களாகத் திறந்து மூடும் கீகள் உள்ள கருவியில், உதட்டாலும் விரலாலும் சுரத்தைச் சுரத்தோடு இழைத்து அவர் கமகம் கொண்டுவரும்போது ஒத்துக்காரர் கையால் தொடையில் தாளம் போட்டார். “இவரு வாத்தியத்தை மறந்துட்டு பாடுறாரு,” என்று பையனிடம் சொன்னார்.

எதிர்த்திசையிலும் பயணம் நடந்திருக்கிறது. 1990களில் வி.எஸ். நரசிம்மன் மெட்ராஸ் ஸ்ட்ரிங் குவார்டெட்டைத் தொடங்கினார். இளையராஜாவின் 1986ஆம் வருஷத்து ‘ஹவ் டு நேம் இட்’டில் வயலின் வாசித்தவர். இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோ என்ற ஐரோப்பியச் சிற்றிசைக் குழுவுக்குத் தியாகராஜர் கீர்த்தனைகளை எழுதினார். ஒரு வயலின் கீர்த்தனையைப் பாட, மற்ற மூன்றும் அதன் அடியில் வேறு வேறு வழியில் நடக்கும். ராகத்துக்கு வெளியே கால் வைக்காமல் அந்தக் கீழ்வரிகளை எழுதுவது எவ்வளவு பொறுமை கேட்கும் வேலை என்று மாஸ்டர் பையனுக்கு ஒரு முறை தாளில் போட்டுக் காட்டியிருக்கிறார். பிராம்ஸ் வயோலாவுக்குச் செய்ததைவிட அது சுலபமான வேலை என்று எனக்குத் தோன்றவில்லை.

ஆறரைக்குக் கரண்டு போனது. ஸ்பீக்கரில் சார்ஜ் இருந்ததால் பாட்டு நிற்கவில்லை. தாள் மட்டும் தெரியவில்லை. பையன் கிளாரினெட்டை மடியில் வைத்துக்கொண்டான்.

“தெரியலேன்னா நிறுத்திருவியா? 1886 டிசம்பர்ல பிரஸ்ஸல்ஸ்ல ஒரு ஓவியக் காட்சிக்கூடத்துல கச்சேரி. படங்களுக்கு ஆகாதுன்னு விளக்கு ஏத்த விடல. சாயங்காலம் ஆயிருச்சு, ஒண்ணும் தெரியல. வயலினும் பியானோவும் மிச்சத்தை மனப்பாடமாவே வாசிச்சு முடிச்சாங்க.”

சேசார் ஃப்ராங்கின் சொனாட்டா அது. மாஸ்டர் இந்தக் கதைக்கு வந்துவிட்டால் லேசில் விடமாட்டார். யூஜீன் இசாயி என்ற இளம் வயலின் கலைஞரின் கல்யாணப் பரிசாக ஃப்ராங்க் எழுதியது. 1886 செப்டம்பரில், கல்யாண நாளின் காலையில் கையெழுத்துப் பிரதி மாப்பிள்ளையின் கைக்கு வந்தது. விருந்தாளிகளில் பியானோ தெரிந்த ஒரு பெண்மணி, லியோன்டின் போர்ட்-பேன். அவசரமாக ஒரு ஒத்திகை பார்த்துவிட்டு மாப்பிள்ளையே தன் கல்யாணத்தில் அதை வாசித்தார். ஃப்ராங்குக்கு அப்போது 63 வயது, இசாயிக்கு 28. சில வருஷத்துக்குள் ஜூல் டெல்சார் அதைச் செல்லோவுக்கு மாற்றினார். பியானோ பங்கைத் தொடவே இல்லை. ஜாக்குலின் டு ப்ரே செல்லோவில் வாசித்த பதிவும், ஜேம்ஸ் கால்வே மார்த்தா அர்கெரிச்சோடு குழலில் ஊதிய 1975ஆம் வருஷத்துப் பதிவும் மாஸ்டரிடம் உண்டு. இருட்டில் குழல் பதிவைப் போட்டார். கடைசிப் பகுதி. பியானோ ஒரு மெட்டைத் தொடங்கும். ஒரே ஒரு பார் தள்ளி அதே மெட்டைக் குழல் தொடங்கும். முன்னே போவதை ஓரடி பின்னால் தொடர்ந்தே போகும். இரண்டும் மோதாது, பிரியவும் பிரியாது. கல்யாணத்துக்கு எழுத வேறு என்ன வேண்டும்?

கரண்டு வந்தபோது வாசலில் செட்டு ஓனர் நின்றிருந்தார். ஆவணியில் முதல் முகூர்த்தத்துக்கு இரண்டு கல்யாணம் பிடித்திருக்கிறார். ரிப்பேரான கருவிகளை எடுத்துப்போக வந்தவர். மாஸ்டர் கருவிகளோடு நான்கு தாள்களையும் நீட்டினார். இந்த ஃப்ராங்கைத்தான் எழுதி வைத்திருந்தார். மூலத்தில் ஏ மேஜர். பி ஃப்ளாட் கிளாரினெட்டில் அது ஐந்து ஷார்ப் ஆகிவிடும், விரல் சிக்கும். அரைச் சுரம் இறக்கி ஏ ஃப்ளாட்டில் எழுதியிருந்தார். முதல் கிளாரினெட் தொடங்க, ஒரு பார் தள்ளி இரண்டாவது கிளாரினெட். பியானோவின் இடதுகை யூஃபோனியத்துக்கு. எல்லாத் தாளிலும் மூச்சு விடும் இடங்கள் சிவப்பில்.

“என்ன மாஸ்டர் இது? மாப்பிள்ளை அழைப்புல யாரு கேப்பா?”

“கல்யாணத்துக்குன்னே எழுதுன பாட்டுப்பா. ஒரு கல்யாணத்துல ஊதுனாத்தான அது வீடு சேரும்.”

ஓனர் தாளைப் புரட்டினார். அவரும் ஒரு காலத்தில் டிரம்பெட் ஊதியவர். உதடு தானாக அசைந்தது. “டிரம்மு எங்க?”

“டிரம்மு இல்ல.”

“தெருவுல நடந்துக்கிட்டே ஊதுறப்ப டிரம்மு இல்லாம எப்படி? காலு தப்பும்ல.”

மாஸ்டர் அதை யோசித்திருக்கவில்லை போலும். தாளை வாங்கி, அடியில் ஒரு கோடு இழுத்து, ஸைட் டிரம்முக்கு நடைக்கான அடிகளை மட்டும் எழுதினார். எழுதியதில் பாதியை அழித்தார். “இவ்வளவுதான். இதுக்கு மேல ஒரு அடி கூடக் கூடாது.”

“கோயில்ல இருந்து மண்டபம் திரும்புற முக்கு வரைக்கும் தர்றேன். அதுக்கப்புறம் சினிமாப் பாட்டுத்தான்.”

“போதும்.”

“ஃபர்ஸ்ட் கிளாரினெட் இவன் ஊதுவான். ஒரு பார் பின்னாடி வர்றதுக்கு ஆளு? நம்ம செட்டுல இன்னொருத்தன் இருக்கான், அவனுக்கு எண்ணவே வராது. முதல்ல போறவனோடயே சேந்துக்குவான்.”

மாஸ்டர் ஆசாரியின் ஸ்பிரிங் போட்ட கிளாரினெட்டைக் கையில் எடுத்தார். கீயைத் தட்டிப் பார்த்தார்.

“நான் வர்றேன்.”

ஒத்துக்காரர் பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஓனர் கொஞ்சம் நேரம் பேசவில்லை. பிறகு சட்டைப்பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்தார்.

“கோட்டு அளவு சொல்லுங்க மாஸ்டர். தைக்கக் குடுக்கணும்ல.”

“நாப்பது.”